பூவில் எடுத்த வெள்ளிக்காசு

என் வீட்டுக்காரர் வீராசாமி யாரையும் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை நகத்தில் ஒரு சொட்டு நிறுத்திப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "இன்னா தம்பி, காத்தாட்டம் இருக்குது?" என்று தராசு கேட்பார். ரேஷனில் வாங்கிய சர்க்கரையை வழியிலேயே மளிகைக் கடையில் எடை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். கல்யாணமான புதிதில் நான் வைத்த குழம்பை முதலில் என்னைச் சாப்பிடச் சொன்ன மனுஷன் அவர். பாசம் என்று நினைத்து நானும் பூரித்துப் போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு அவர் தட்டில் கைவைத்தது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அப்படிப்பட்ட மனுஷன், கண்ணால் காணாத காசை, கண்ணால் காணாத ஆளிடம், கைபேசியில் ஏலம் எடுத்தார். எடுத்து ஏமாந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கூடப்பிறந்த ஒரே தங்கச்சியின் குழந்தை அவர் மடியில் உட்காருமா உட்காராதா என்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பாதிதான் சொல்கிறார்கள் என்பதால் நான் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்குத் தொழில் புளி. செஞ்சியைச் சுற்றி ஏரிக்கரையிலும் ரோட்டோரத்திலும் நிற்கிற புளியமரங்களின் விளைச்சலை ஏலம் விடுவார்கள். பழுத்த பிறகு எடுத்தால் விலை எகிறிவிடும் என்று, பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே அவர் எடுத்துவிடுவார். பூவில் எடுப்பது என்று இதற்குப் பெயர். பெருமழை அடித்துப் பூ கொட்டினால் நட்டம் எடுத்தவனுடையது. அதனால் ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு மரத்தையும் போய்ப் பார்ப்பார். அடிமரத்தைத் தட்டுவார். சுற்றிவருவார். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நிற்பார். வீராசாமி கேட்கிற மரம் காய்க்கும் என்று மற்ற வியாபாரிகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எடுத்த மரத்துக்கு அன்றைக்கே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிடுவார். அதன்பிறகு அந்த மரத்தில் வேறு யாரும் கை வைப்பதில்லை.

பணத்தைக்கூட அவர் மரமாகத்தான் எண்ணுவார். எங்கள் மகளை நர்சிங் படிக்க வைத்தது ஆறு மரம். இந்த வீட்டுக்குத் தளம் போட்டது எட்டு மரம். என் தாலிச் சரடு மூன்று மரம். அதையும் கடைக்காரர் உரசிக் காட்டிய பிறகு பக்கத்துக் கடையில் இன்னொரு தடவை உரசிப் பார்த்தார்.

அவருடைய தங்கச்சி ஜெயசுதாவைப் பக்கத்தில் இருக்கிற வல்லத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை கலியபெருமாள், எனக்கு அண்ணன் முறை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை உடைக்கிற மிஷின் வைத்திருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. பல வருஷம் பிள்ளை இல்லாமல், ஏறாத கோயில் இல்லை என்று ஏறி இறங்கி, கடைசியில் பிறந்தவள்தான் அனு. அவளுக்கு மேல்மலையனூரில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பெற்ற அப்பனே ஆனாலும் அன்றைக்குத் தள்ளித்தான் நிற்க வேண்டும். அனு பிறந்த நாளிலிருந்து இவர் அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தார். "என் மடியில குந்துனா அழமாட்டா பாரு," என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாள் குறிக்க வந்த அன்றைக்குக் கலியபெருமாள் அண்ணன் சும்மா இராமல் ஒரு வார்த்தை விட்டார்.

"மச்சான், சீர்த்தட்டுல புளி உருண்டை மட்டும் வராம பாத்துக்க!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அவர்கள் போனதும் சோற்றைத் தொடவில்லை. "இன்னா அர்த்தத்துல சொன்னான்?" என்று என்னைத் துளைத்தார். விளையாட்டுக்குச் சொன்னார் என்றேன். "விளையாட்டுக்கு அடியில ஒண்ணு இருக்குது," என்றார். அன்றிலிருந்து, வல்லத்துக்காரர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு சீர் என்பது அவர் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எங்கள் செஞ்சிக் கோட்டைக்கு உலக அளவில் பெயர் வந்த பிறகு எங்கள் கைபேசிகளில் எதைத் திறந்தாலும் கோட்டைதான். அப்படித்தான் அந்த விளம்பரமும் வந்தது. 'செஞ்சிக் கோட்டை நினைவு வெள்ளி நாணயம். வெளியீட்டுக்கு முன்பே முன்விற்பனை ஏலம். மிகக் குறைவான எண்ணிக்கை.' நீல வெல்வெட் பெட்டி, அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு காசு, காசில் கொத்தளமும் மதிலுமாக ஒரு கோட்டை. இவர் கைபேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"வளர்மதி, இங்க பாரு. நம்ப கோட்ட மல, ராஜகிரி. வெள்ளியில. இத தட்டுல வெச்சு எடுத்துக்கினு போனா எவனாவது வாய தொறப்பானா?"

பார்த்தேன். அவருடைய கைபேசியில் கண்ணாடி விரிசல் விட்டு ஒரு வருஷம். விரிசலுக்கு அடியில், கோட்டைக்குக் கீழே என்னவோ நெளிநெளியாக இருந்தது.

"இது இன்னாங்க, கீழ வரி வரியா?"

"வயலு. நெல்லு வயலு. கோட்டைக்குக் கீழ வேற இன்னா இருக்கும்?"

சரிதான் என்று விட்டுவிட்டேன். அடுப்பில் பால் இருந்தது.

அதற்கப்புறம் அவர் சந்தேகப்படாத விஷயம் இல்லை. வெள்ளியா, வெள்ளி முலாமா? எடை எவ்வளவு? சுத்தம் எவ்வளவு? பெட்டி மூடுமா? விற்கிறவனுக்கு எத்தனை பேர் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள்? அத்தனைக்கும் குரல் பதிவாகப் பேசி அனுப்பினார். அந்தப் பக்கத்தில் இருந்தவன் ஒவ்வொன்றுக்கும் 'ஐயா, ஐயா' என்று பொறுமையாகப் பதில் எழுதினான். மூடிய பெட்டியை நாலாபக்கமும் திருப்பிக் காட்டி ஒரு வீடியோகூட அனுப்பினான். இவருக்குத் திருப்தி. எனக்குத்தான் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தக் காசு இப்ப அவங்கிட்ட இருக்குதா?"

"எப்பிடி இருக்கும்? இன்னும் வெளியாவலையே. வெளியானதும் வாங்கி நமக்கு அனுப்புவான். அதாண்டி முன்விற்பனை."

"கையில இல்லாதத எப்பிடி விக்கிறான்?"

"நான் ஏலம் எடுக்குறப்ப மரத்துல புளியா தொங்குது? பூதானே இருக்குது. இதுவும் பூவுல எடுக்குறதுதான். எனக்கே சொல்லிக் குடுக்குறியா?"

அவர் தொழிலையே கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டார். இன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பூ கொட்டினாலும் மரம் அங்கேயே நிற்குமே, யோவ். விளையாமல் போனால் அதைக் கட்டிப்பிடித்து அழவாவது முடியும். ஏரிக்கரையில் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்க்கிற மனுஷன், இந்தக் காசு விஷயத்தில் மரம் எங்கே நிற்கிறது என்று கேட்கவே இல்லை.

ஏலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருக்க, இவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைபேசியை முறைத்துக்கொண்டிருந்தார். இவர் ஒரு விலை கேட்டால் எதிரில் யாரோ கொஞ்சம் ஏற்றிக் கேட்டார்கள். புளி ஏலத்தில் எதிராளி முகம் தெரியும். அவன் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டால் விட்டுவிடப் போகிறான் என்று அர்த்தம். இங்கே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரங்கள். கீழே 'விழுப்புரம் மாவட்டம்' என்று மட்டும் போட்டிருந்தது.

"விழுப்புரம் மாவட்டத்துல இந்தக் காசுக்கு அலையறவன் எவன்?" என்றார். அடுத்த நொடி அவர் முகம் மாறியது. "கலியபெருமாளு!"

"அவருக்கு எதுக்குங்க?"

"நான் கொண்டாறதுக்கு முன்னாடி அவனே வாங்கி வெச்சிக்கினு, 'இன்னா மச்சான், எங்கிட்ட ஏற்கெனவே இருக்குது'ன்னு சொல்றதுக்கு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என்னுடைய கைபேசியை எடுத்து வல்லத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. போதாதா? "பாத்தியா, ஏலத்துலதான் இருக்கறான்!" என்று விலையை ஏற்றினார். அவன் ஏற்றினான். இவர் ஏற்றினார். வெள்ளிக்கு என்ன விலையோ அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. கடைசியில் இவருக்கே விழுந்தது. நாலு மரம். எதிரில் ஏற்றிவிட்டவர் யார் என்று இன்றுவரை தெரியாது. விற்றவனுடைய ஆளாகவே இருக்கும் என்பது என் சந்தேகம்.

பணம் கட்டியதும் அந்தக் காசின் படத்தைக் கைபேசித் திரையில் வைத்துக்கொண்டார். அவருடைய சுண்ணாம்பு வட்டம் அது.

வெளியாகிறது, வெளியாகிறது என்று நாள் ஓடியது. வெளியீடு தள்ளிப்போயிருக்கிறது ஐயா என்றான் விற்றவன். பிறகு அச்சடிக்கும் இடத்தில் வேலை நெருக்கடி ஐயா என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு, அந்த ஏலப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னேன். பொருள் வராவிட்டால் பணம் கட்டிய நாளிலிருந்து இத்தனை நாளைக்குள் புகார் போட வேண்டும், அதற்கு மேல் ஏலம் நடத்துகிறவர்கள் பொறுப்பில்லை என்று இருந்தது. அந்தக் கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை. காசு வரும் என்று அவன் சொன்ன தேதியோ கெடு தாண்டி வெகுதூரத்தில் இருந்தது. முதலிலிருந்தே கணக்குப் போட்டுத்தான் அந்தத் தேதியைச் சொல்லியிருக்கிறான்.

"இன்னிக்கே புகார் போடுங்க," என்றேன்.

அவர் நேர்மையாக அவனிடமே கேட்டார், புகார் போடட்டுமா என்று. திருடனிடமே சாவியைக் கொடுத்துப் பூட்டு சரியா என்று கேட்டது போல. அவன் கோபப்படவில்லை. 'தாராளமாகப் போடுங்கள் ஐயா. ஆனால் போட்டால் உங்கள் பதிவு ரத்தாகி, உங்களுக்கு அடுத்த விலை கேட்டவருக்குப் போய்விடும். அவர் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்' என்று எழுதினான்.

முடிந்தது. அடுத்த விலை கேட்டவர் என்றால் இவர் கணக்கில் கலியபெருமாள். உயிர் போனாலும் விடுவாரா? புகார் போடவே மாட்டேன் என்று கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் கத்தினேன். கொஞ்சம் பாத்திரமும் உருண்டது. கெடு தாண்டியது. தாண்டிய பிறகு அவன் அனுப்பிய பதில்களில் 'ஐயா' காணாமல் போயிற்று. பிறகு பதிலே குறைந்து போயிற்று. நான் கவனித்தேன். இவர் கவனிக்கவில்லை.

காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்ட சமயத்தில் ஒரு செய்தி வந்தது. நாணயம் அனுப்பியாகிவிட்டது, கூரியர் எண் இது. இவர் குதித்தார். அவனைப் போய்ச் சந்தேகப்பட்டாயே என்று என்னையே கேட்டார்! மறுநாள் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால், 'வல்லம். ஒப்படைக்கப்பட்டது' என்று இருந்தது.

கூரியர் ஆபீஸுக்கு ஓடினோம். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற தேவேந்திரன் வெளியே போயிருந்தார். உள்ளே இருந்த பெண், ஆமாம், வல்லத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள், யார் எவர் என்று தேவேந்திரன் வந்தால்தான் தெரியும், கொஞ்சம் உட்காருங்கள் என்றாள். இவர் உட்காரவில்லை. பாலைச் சந்தேகப்பட்டு, சர்க்கரையைச் சந்தேகப்பட்டு, கட்டின பெண்டாட்டியின் குழம்பைச் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு அன்றைக்கு மட்டும் ஒரு சந்தேகமும் இல்லை. வண்டியை எடுத்தார். போகவிடாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வல்லம் வரைக்கும் வேண்டாம் வேண்டாம் என்று அவர் முதுகில் குத்திக்கொண்டே போனேன்.

வல்லத்து வீட்டில் கலியபெருமாள் அண்ணன் வீட்டாரின் பங்காளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்து, பந்திக்கு எத்தனை இலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அனு கூடத்தில் ஒரு சொம்பை உருட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் "மாமா" என்று எழுந்து வந்தாள். இவர் அவளைப் பார்க்கவே இல்லை.

"மாப்ள, என் பார்சல குடுத்துடு."

"இன்னா பார்சலு மச்சான்?"

"தெரியாத மாதிரி நடிக்காத. ஏலத்துல ஏத்திவுட்டது நீதான். கெடைக்கலன்னதும் கூரியர்காரன கையில போட்டுக்கினு வாங்கிப் பதுக்கி வெச்சிருக்க. என் கொழந்தைக்குச் சீரு, அத நீ திருடுவியா?"

திருடுவியா என்ற வார்த்தை அந்த வீட்டில் விழுந்ததும் பங்காளிகள் இலைக் கணக்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயசுதா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள். கலியபெருமாள் அண்ணன் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய், பீரோ சாவியைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தார்.

"தேடிக்க மச்சான்."

எந்த மனுஷனும் அந்த இடத்தில் கூசிப்போய்த் திரும்பிவிடுவான். நான் கும்பிடாத குறையாகக் கையைப் பிடித்து இழுத்தேன். என் வீட்டுக்காரர் சாவியை எடுத்தார். பீரோவைத் திறந்தார். ஜெயசுதாவின் புடவைகளைத் தூக்கிப் பார்த்தார். அனுவின் சின்னச் சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். பங்காளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. அவரை அந்த நேரத்தில் நான் வெறுத்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

பீரோவில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஜெயசுதா வாயைத் திறந்தாள்.

"அப்பிடி இன்னாதான் காசு அது? காட்டுண்ணே."

இவர் கைபேசியை நீட்டினார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அப்புறம் அந்தப் படத்தை இவரிடமிருந்து தன் கைபேசிக்கு அனுப்பி, தன்னுடைய விரிசல் இல்லாத திரையில் விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"அண்ணே, இது இன்னா?"

"நெல்லு வயலு."

"வயலுல படகு எதுக்கு?"

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கோட்டைக்குக் கீழே அலை அலையாகத் தண்ணீர். ஓரத்தில் பாய் விரித்த ஒரு சின்னப் படகு. அது எந்தத் தேசத்துக் கடற்கரையில் நிற்கிற கோட்டையோ. ராஜகிரியின் பாறை ஒன்றுகூட அதில் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ராஜகிரி தெரியும். தினமும் பல் விளக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் விளக்குவார்.

"செஞ்சிக்கு எப்பண்ணே கடல் வந்துச்சு?" என்றாள் ஜெயசுதா. கேலியாகச் சொல்லவில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டாள். "ஊரு பேரு தெரியாத ஒருத்தன் மூணு மாசமா சொன்னத நம்புன. பதினஞ்சு வருஷமா உன் கூடச் சாப்புடுற மனுஷன நம்பலையே. என் பொண்ணுக்கு உன் மடி வேணாம், போண்ணே."

மறுநாள் தேவேந்திரன் எங்கள் வீடு தேடி வந்தார். ஆபீஸில் விவரம் கேட்டுவிட்டு, பாவம், வல்லத்துக்கு மறுபடியும் போய் விசாரித்திருக்கிறார். அந்தக் கவர் தைலம்மாள் என்று ஒரு பெட்டிக்கடைக்காரப் பெண்ணின் பெயருக்கு வந்திருக்கிறது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் சாவிக்கொத்து. நாம் எதுவும் கேட்கவில்லையே, இலவசமாக வந்திருக்கிறதாக்கும் என்று அந்தம்மாள் கடையில் மாட்டிவைத்திருக்கிறார். "இப்பிடித்தாங்க பண்றானுங்க," என்றார் தேவேந்திரன். "பக்கத்துல யாருக்காவது ஒரு கவர போட்டுட்டு, அந்த நம்பர உங்களுக்குக் குடுத்துடுவானுங்க. பொருளு போயி சேந்துடுச்சுன்னு கணக்குல காட்டிடலாம்ல?"

ஏலம் நடத்தினவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒப்படைக்கப்பட்டதாக இருக்கிறது, புகார் கெடுவும் முடிந்துவிட்டது. விற்றவனுடைய பக்கத்தைத் தேடினால் அப்படி ஒன்று இல்லை. எங்கள் கோட்டைக்கு அந்த மாதிரி ஒரு காசு வரப்போவதாக யாராவது அறிவித்தார்களா என்று மகள் தேடிப் பார்த்தாள். அவள் தேடின வரைக்கும் எங்கேயும் ஒரு வரிகூட இல்லை. போலீஸில் சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறோம்.

திண்டிவனம் ரோட்டு மரங்களில் பிஞ்சு பிடித்திருந்தது. இவர் போய்ப் பார்க்கக்கூட இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. சோற்றைக் கொண்டுபோய் வைக்கும்போது, "சாப்புடுங்க, விஷம் இல்ல," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கலியபெருமாள் அண்ணன். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, பத்திரிகை. கூட யாரும் வரவில்லை. இவர் எழுந்து நின்றார்.

"வந்துடு மச்சான்," என்றார் அவர். "அவ கோவத்துல ஆயிரம் சொல்லுவா. தாய்மாமன் மடிக்கு நான் கடையிலயா போயி வாங்க முடியும்?"

தட்டை என் கையில் கொடுத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். வண்டிச் சத்தம் தேயும் வரைக்கும் நின்றுவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பினார்.

"அங்க வெச்சு எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தத்தான் கூப்புடுறானோ?"

என் கையில் தட்டு இருந்தது. இல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. "யோவ், இன்னொரு தடவ அந்த வாயத் தொறந்த, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கடைவீதிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணெதிரே நிறுத்து வாங்கிய கொலுசு, தங்கத் தோடு, பட்டுப்பாவாடை, பழம், தேங்காய். கடைக்காரர் எடை போட்டபோது இவர் தராசைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக அவர்மேல் பாவமாக இருந்தது.

மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி அனுவைக் கொண்டுவந்தார்கள். இவர் மணையில் உட்கார்ந்து மடியை விரித்துக்கொண்டு காத்திருந்தார். குழந்தை ஜெயசுதாவின் இடுப்பில் இருந்தது. அவள் அசையவில்லை. காது குத்த வந்த பத்தர் ஊசியை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இவர் கண்ணைத் தூக்கவே இல்லை. விரித்த மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுதான் பொறுமை இழந்து, "மாமா" என்று கையை நீட்டித் தாவினாள். ஜெயசுதா பிடியைத் தளர்த்தினாள்.

மடியில் உட்கார்ந்து அழமாட்டாள் என்று அவர் ஊரெல்லாம் சொன்னது பொய்யாயிற்று. ஊர் கூடுகிற மாதிரி அழுதாள். இவரும் அழுதார். "அவ்ளோதாண்டா, அவ்ளோதாண்டா" என்று அவள் சந்தனத் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எல்லாம் முடிந்து குழந்தையைத் தூக்கிக்கொள்ளக் கலியபெருமாள் அண்ணன் வந்தார். தூக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"பாத்துக்க மச்சான். கொழந்தைய மட்டும்தான் எடுத்துக்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கலியபெருமாள் அண்ணனும் சிரித்தார். இவரும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்வார்?

இப்போது வல்லத்துக்காரர்கள் முன்போலத்தான் வந்து போகிறார்கள். பொங்கலுக்கு வந்தார்கள், கறி விருந்துக்கு வந்தார்கள். கிளம்பும்போதெல்லாம் கலியபெருமாள் அண்ணன் வாசலில் நின்று பையை இழுத்துக் கையை விரித்துக் காட்டுவார். அனுவும் அதைப் பார்த்துப் பழகி, தன் குட்டிக் கையை விரித்துக் காட்டுகிறாள். அதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். இவர் மட்டும் அன்றைக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடுவதில்லை. நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அண்ணன் அதை விளையாட்டுக்குத்தான் செய்கிறாரா, இல்லை விளையாட்டுக்கு அடியில் ஒன்று இருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். இந்தச் சந்தேகம் இப்போது எனக்கும் வந்துவிட்டது.